திவானா, நீதிபதியா?

வேங்கைநாட்டு ராஜா முடியை இறக்கி வைத்து, ஜனங்கள் முதன்முதலாக ஓட்டுப்போட்ட வருஷம் அது. விசாரணையில்லாமல் யாரையும் பதினைந்து நாளுக்கு மேல் சிறையில் வைக்கக் கூடாதென்று புதுச் சட்டம் வந்திருப்பதாகச் சந்தையில் தண்டோரா போட்டார்கள். உப்பளத்துக் கூலிக்காரி வெள்ளச்சி அதைக் கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு ஓடினாள். அரண்மனைத் தோப்பில் ஆடு மேய்ந்ததற்காக அவள் புருஷன் சோலையன் எட்டு மாதமாக விசாரணையில்லாமல் உள்ளே கிடந்தான்.

நீதிபதி கோதண்டராயர் போன மாதம்வரை ராஜாவின் திவான். அவளை வாசற்படியிலேயே நிற்க வைத்தார்.

“சட்டப் புத்தகம் தலைநகரிலிருந்து இன்னும் வரவில்லை. அதுவரை பழைய சட்டம்தான். அவசரமென்றால் நீயே போய்க் கொண்டு வா!”

வக்கீல்கள் சிரித்தார்கள். வெள்ளச்சி நகரவில்லை.

“தெரியாமத்தான் கேக்குறேன் சாமி, நீங்க திவானா, நீதிபதியா?”

“நீதிபதி! புதுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுப்படி பதவியேற்றவன்!” என்று மீசையை நீவினார்.

“அந்தச் சட்டம்தான் இன்னும் வந்து சேரலையே சாமி! அப்ப நீங்க நீதிபதி இல்ல. ராஜா போயிட்டதால திவானும் இல்ல. என் புருஷனை உள்ள வச்சிருக்கிறது யாருங்க?”

வக்கீல்களின் சிரிப்பு இப்போது அவர் பக்கம் திரும்பியது. கோதண்டராயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து கட்டுப் பிரிக்காத சட்டப் புத்தகத்தை வெளியே எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் நீதிமன்றத்தை ஒட்டிய சிறையிலிருந்து சோலையன் வெளியே வந்தான். அவன் பின்னால், அவனைப்போலவே விசாரணையில்லாமல் கிடந்த இன்னும் முப்பது பேர் வந்தார்கள். அத்தனை பேரும் வரும்வரை வெள்ளச்சி அந்த வாசற்படியை விட்டு இறங்கவேயில்லை.