தாழ்ந்த சுவர்

நகரத்து ஆற்றுக்குப் பாலமும் கரைச்சுவரும் வரைந்து கொடுத்தவர் பூங்கோதை. அவரிடம் தொழில் கற்கச் சேர்ந்த சீடர் தணிகாசலம், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். எதையும் சந்தேகப்படும் குணத்துக்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை.

கரை நெடுக ஆளுயரச் சுவர். ஆறு பாலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால், பூங்கோதையின் வீட்டுக்கு நேராக மட்டும் அது இடுப்பளவுதான். அந்த வீட்டில் கீழ்த்தளம் காலியாகக் கிடந்தது. அடுப்படிகூட மாடியில்தான்.

ஆற்றுக் காற்று வாங்கிக்கொண்டே சாப்பிட இந்த ஏற்பாடு என்று தணிகாசலம் முடிவுகட்டினார். ஊருக்குத்தான் உபதேசம்! பாலத்தை ஒட்டிய தெருவில் அவர் மகள் பச்சைக் குழந்தையோடு இருந்தாள். மழைக்காலம் நெருங்க நெருங்க அவருக்குப் பயம் கூடியது.

ஒரு மதியம் நேராக மாடியேறிப் போனார்.

"அம்மா, உங்க வீட்டு முன்னால மட்டும் சுவர் ஏன் தாழ்வா இருக்கு?"

"சாப்பிடுற நேரம். முதல்ல உட்காருங்க."

சோறு போட்டு வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தபடி தரையில் உட்கார்ந்தார். பூங்கோதை இலை போட்டுச் சோறு வைத்தார். எதிரே நின்று ரசத்தை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ரசம் நாலு பக்கமும் ஓடியது. தணிகாசலம் அவசரமாகச் சோற்றை ஒதுக்கிச் சுற்றிலும் பாத்தி கட்டினார்.

"போதும்மா!"

"போதும்னா மழை நிக்குமா?"

பாத்தி உடைந்து ரசம் அவர் மடியில் கொட்டியது. கேள்வி கேட்டதற்குப் பழிவாங்குகிறாரோ? கோபத்தோடு எதிர் ஓரத்துச் சோற்றை விரலால் தள்ளி வழி விட்டார். ரசம் அந்தப் பக்கமாகத் திரும்பிப் பூங்கோதையின் காலடிக்குப் போனது. அவர் நகரவில்லை.

"இப்ப மடியில வழியுதா?"

"இல்ல."

தணிகாசலத்தின் கை அப்படியே நின்றது. சன்னல் வழியே பார்த்தார். கீழே தாழ்ந்த சுவர். எதிர்ச் சன்னலில், வீட்டுக்குப் பின்னால் வறண்டு கிடந்த பழைய ஏரி. பாலத்துப் பக்கம் ஆளுயரச் சுவருக்குள் மகளின் தெரு.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்போ வெள்ளம் வந்தா, ஏரிக்குப் போறதுக்கு முன்னால உங்க வீட்டுக்குள்ளதானே வரும்?"

"அதுக்குத்தானே அடுப்ப மாடிக்குக் கொண்டுவந்தேன். மோர் ஊத்தட்டுமா?"