தோற்றவர்தான் டீச்சர்

குன்றடி ஆசிரமத்தின் அறங்காவலரும், செங்கமலத்தம்மையின் பதினோராண்டுச் சீடருமாகிய திருவாளர் ஏகாம்பரநாதன் அவர்களுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு நிறைந்து மூன்று திங்கள். அம்மைக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு.

ஆசிரமத்துப் பாலர் பள்ளி அவர் பொறுப்பில் இருந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியை, தவமணி. உட்கார்ந்தால் கவனம் சிதறும் என்று வகுப்பின் ஒரே நாற்காலியை ஏகாம்பரநாதன் அகற்றியிருந்தார். பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தம் சோற்றை நின்றபடியே விழுங்கி வந்த தவமணி, அந்த நாற்காலியும் உண்ண அரைமணி நேரமும் வேண்டும் என்று கேட்டார். பிள்ளைகளின் அழுகை மணி பார்த்தா வருகிறது என்று ஏகாம்பரநாதன் மறுத்துவிட்டார்.

"என் பசியும் மணி பார்த்து வருவதில்லை, ஐயா," என்ற தவமணி, வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுவதாகச் சொன்னார். அவர் மடியில்லாமல் உறங்காத பிள்ளைகள் நால்வர் இருந்தனர்.

ஏகாம்பரநாதன் அம்மையிடம் சென்றார்.

"பிள்ளைகளின் தேவை பெரிதா, ஆசிரியையின் வசதி பெரிதா? தாங்களே சொல்ல வேண்டும்."

விடை தம் பக்கமே வரும் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் விளையாடுவதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நின்றபடியே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

முற்றத்தில் ஐந்து பிள்ளைகள் டீச்சர் விளையாட்டுக்குச் சா பூ த்ரி போட்டனர். தப்பித்த ஒவ்வொருவரும் குதித்தோடி உட்கார்ந்துகொண்டனர். கடைசியில் சிக்கியவள் அமுதினி என்ற சிறுமி. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நேத்தும் நான்தானே டீச்சர். நான் மாட்டேன். கால் வலிக்கும்."

"தோத்தா நிக்கணும்," என்றான் உட்கார்ந்திருந்த ஒருவன்.

ஏகாம்பரநாதன் திரும்பி வந்தபோது அவருக்கும் முழங்கால் கடுத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"யார் ஜெயித்தது?" என்று அம்மை கேட்டார்.

"தோற்றவர்தான் டீச்சராம், அம்மா."

அம்மை தலையசைத்தார். ஏகாம்பரநாதனோ விடுவதாக இல்லை.

"என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லையே. எது பெரிது?"

அம்மை அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

"வகுப்பிலிருந்து எடுத்த நாற்காலி எங்கே இருக்கிறது?"

"என் அறையில்."

"இந்தக் கேள்வியை அதில் உட்கார்ந்துதானே யோசித்தீர்கள்?"



நாற்காலியைத் தாமே சுமந்து சென்று வகுப்பில் போட்டு, இனி நாள்தோறும் அந்த அரைமணி நேரம் பிள்ளைகள் தம் பொறுப்பு என்று தவமணியிடம் கூறி, ஏகாம்பரநாதன் பாயில் பிள்ளைகள் நடுவே அமர்ந்தது, ஆவணித் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை, நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு.