நீலம்மையின் கழுத்து

பறவைகளும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உலகத்தில் சாம்பல் நாரை என்று ஒரு பறவை கிடையாது. நீர்க்காகம் இருந்தது, மீன்கொத்தி இருந்தது, மரங்கொத்தி இருந்தது. நாரை மட்டும் இல்லை. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஆம்பல்குளம் என்று ஒரு பெரிய குளம். ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரையில் கேட்காது. அக்கரைக்கு வள்ளத்தில்தான் போக வேண்டும். அதன் மேற்குக் கரையில் கோளப்பனும் அவன் மனைவி நீலம்மையும் குடியிருந்தார்கள். அவள் வயலின் வாசிப்பாள். அவன் வயோலா வாசிப்பான். வயோலா, வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, தடித்தது, குரலும் கனம். சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் இவர்கள் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் இல்லை. கோளப்பனுடைய தங்கை வடிவு அவர்களோடு இருந்தாள். அண்ணன் மனைவியை அவள் மைனி என்று கூப்பிடுவாள்.

கோளப்பனுக்குக் கழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும். தலை நேராகத் தோளில் உட்கார்ந்தது போல இருப்பான். நீலம்மைக்கோ அந்த வட்டாரத்திலேயே இல்லாத நீளக் கழுத்து. கூட்டத்தில் எங்கே நின்றாலும் அவள் தலை தெரியும். "ரெண்டு பேரு கழுத்தையும் கூட்டி ரெண்டா வகுத்தா சரியா இருக்கும்" என்று கோளப்பனே சொல்லிச் சிரிப்பான்.

அப்போதெல்லாம் நின்றுகொண்டுதான் வாசிப்பார்கள். வாத்தியத்தைத் தோளில் வைத்து, தாடையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு தாங்கிகள் வேண்டும். தாடை பதிய மேலே ஒன்று, தோளில் அமரக் கீழே ஒன்று. வாசிக்கிறவர்களுக்கெல்லாம் அதைச் செய்து கொடுத்தது, கரைப் பூவரசில் இருந்த மரங்கொத்தி. மரவேலை செய்வதால் ஊரே அதை ஆசாரியார் என்றுதான் அழைத்தது. யார் வந்தாலும் முதலில் நேராக நிற்கச் சொல்லும். தோளைத் தளர்த்தச் சொல்லும். பிறகு காறை எலும்பிலிருந்து தாடைவரை அலகால் அளந்து பார்க்கும்.

"கழுத்து வாத்தியத்தைத் தேடிப் போகப்பிடாது. வாத்தியம் கழுத்தைத் தேடி வரணும். நடுவுல இருக்க இடைவெளியை நான் ரொப்புதேன்" என்று எல்லோரிடமும் சொல்லும்.

கோளப்பனுக்குக் கருங்காலியில் ரொம்பத் தணிவான தாங்கி செய்து கொடுத்தது. தடித்த வயோலாவும் அந்தக் கழுத்தும் சேர்ந்தால் ஒரு விரல் உயரம்கூட அதிகம். நீலம்மைக்கு மேலும் உயரம், கீழும் உயரம். தோள் தாங்கிக்கு அடியில் இலவம் பஞ்சு வைத்துத் துணி தைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரு வலி என்று சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் அக்கரையில் கல்யாணம். வாசித்துவிட்டு மத்தியானம் திரும்பி வருகிறார்கள். நடுக்குளத்தில் காற்று சுழற்றி அடித்தது. வள்ளம் கவிழ்ந்தது. நீலம்மையின் வயலின் அப்போதே போய்விட்டது. வயோலாப் பெட்டி மட்டும் மிதந்தது. கோளப்பன் அதை எட்டிப் பிடித்து அவள் கையில் திணித்தான்.

"இதப் பிடிச்சுக்க. விட்டுராத."

"நீங்க?"

"பிடிச்சுக்க நீலம்மே."

அவள் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அடித்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவன் இல்லை. மூன்றாம் நாள் ஆம்பல் கொடிகளுக்குள் கிடைத்தான்.

நாற்பது நாள் நீலம்மை யாரிடமும் பேசவில்லை. நாற்பத்தோராவது நாள் பெட்டியைத் திறந்தாள். வயோலாவில் தண்ணீர் ஏறியிருக்கவில்லை. கருங்காலித் தாங்கியில், பன்னிரண்டு வருஷம் அவன் தாடை பதிந்து பதிந்து ஒரு குழி விழுந்திருந்தது. குழி வழுவழுவென்று இருந்தது. அவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம்கூட இருந்தது.

வயோலாவை எடுத்துத் தோளில் வைத்தாள். தாடை எட்டவில்லை. கழுத்தை வளைத்து, தோளைத் தூக்கி, அந்தக் குழியில் தன் தாடையைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் நின்றாள். பிறகு வாசித்தாள்.

கேட்டவர்கள் அழுதார்கள். எந்த ஊரில் சாவு விழுந்தாலும் அவளைத் தேடி ஆள் வந்தது. அவளும் போனாள்.

மரங்கொத்தி ஒரு நாள் வாசலுக்கு வந்தது. அவள் வாசிப்பதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அது உங்க கழுத்துக்கு உள்ளதில்ல. நாலு விரக்கடை இடைவெளி கிடக்கு. நீங்க ஒடிஞ்சு போயி வாசிக்கீங்க. ரெண்டு நாளு தாங்க, வேற செய்து மாட்டுதேன்."

"வேண்டாம்."

"வலிக்கல்லியா?"

"வலிக்கு. இருக்கட்டும் ஆசாரியாரே. அத்தான் தாடை இருந்த இடத்துல என் தாடை இருக்கு. எனக்கு அதான் வேணும்."

மரங்கொத்தி பறந்து போயிற்று.

தை மாதம் அவள் இடது தோள் ஏறியபடியே நின்றுவிட்டது. மாசியில் கழுத்து மடங்கியது. வயோலாவைக் கீழே வைத்த பிறகும் நிமிரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்த்தாள். பங்குனியில் இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன.

"மைனி, நேத்து பானைய எறக்கும்போது கைநழுவிச்சு. நான் பாத்தேன்" என்றாள் வடிவு.

"குளிரு பிள்ளே. விரலு விறைச்சுப் போச்சு."

"வெயிலு மண்டையப் பொளக்குது. என்ன குளிரு?"

நீலம்மை கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வடிவு அன்றைக்கே பூவரசடிக்குப் போனாள்.

"ஆசாரியாரே, மைனிக்கு உள்ளதச் செய்யும். நான் சொல்லுதேன்."

"கேக்காம மாத்தப்பிடாதும்மா. நான் ஒருத்தருக்கும் அப்படிச் செய்ததில்ல."

"கேட்டா சம்மதிப்பாளா?"

"மாட்டா."

"இன்னும் ரெண்டு மாசத்துல அவ கை விளங்காமப் போயிரும். அண்ணனத்தான் பறிகொடுத்தாச்சு. இவளையும் இப்படிப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீரா?"

நீலம்மையின் கழுத்தளவு மரங்கொத்திக்கு மனப்பாடம். அன்று சாயங்காலம் பூவரசில் கொத்தும் சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு நீலம்மை அசந்து தூங்கினாள். வடிவு வயோலாவை முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். மரங்கொத்தி பழைய தாங்கியைக் கழற்றி, புதியதை மாட்டியது. அடியில் உயரமான தோள் தாங்கியையும் பொருத்தியது.

"பழசப் பத்திரமா வையும்மா. எந்திச்சதும் கேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனது.

வடிவு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணனுடைய தாடைக் குழியில் அவள் கட்டைவிரல் பட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நீ போனது போதாதா அண்ணே? அவளையும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டுப் போகப் பாக்கியா?"

கரைக்குப் போய்க் கையை ஓங்கி, கருங்காலித் தாங்கியைக் குளத்துக்குள் வீசினாள். மற்ற மரம் என்றால் மிதந்திருக்கும். கருங்காலி கல்லைப் போல மூழ்கியது.

நீலம்மை எழுந்தாள். முகம் கழுவிவிட்டு, எப்போதும் போல வயோலாவை எடுத்தாள். கழுத்தை வளைக்கப் போனாள். வளைக்க வேண்டியிருக்கவில்லை, வாத்தியமே வந்து தாடையில் உட்கார்ந்தது. தோள் தன்னால் இறங்கியது. வில்லை வைத்ததும் அந்த வயோலாவிலிருந்து அதுவரை யாரும் கேட்காத ஒரு நாதம் வந்தது. மரத்திருந்த விரல்கள் ஓடின. முகம் நிமிர்ந்தது. ஒரு பாட்டு முழுக்க அவள் தன்னை மறந்து வாசித்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற வடிவு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சந்தோஷத்தில் அழுதாள்.

பாட்டு முடிந்தது. நீலம்மை வாத்தியத்தை இறக்கி, தாடை இருந்த இடத்தைத் தடவினாள். புது மரம். குழி இல்லை.

"வடிவு. அது எங்க?"

"மைனி, உனக்கு வலிக்கல்லியே? நல்லா இருந்துதே?"

"நல்லா இருந்துது. அது எங்க?"

வடிவு சொன்னாள். நீலம்மை கத்தவில்லை, அடிக்கவில்லை. வயோலாவை மெல்லப் பாயில் வைத்தாள்.

"எந்த இடத்துல?"

வடிவு கையைக் காட்டினாள். நீலம்மை குளத்தில் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், தொடை. கையால் துழாவினால் சேறு கலங்கியது. அதனால் துழாவுவதை விட்டுவிட்டு அசையாமல் நின்றாள். சேறு படிந்தால் அடி தெரியும் அல்லவா? நன்றாகப் பார்ப்பதற்காகக் கழுத்தை மறுபடியும் மடித்துக் குனிந்தாள்.

மரங்கொத்தி பதறிப் பறந்து வந்து அவள் தலைக்கு மேல் சுற்றியது.

"என் தப்புதான் அம்மா. கரைக்கு வாங்க. கருங்காலியிலே அதே போல இன்னொண்ணு செய்து தாறேன்."

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத்தான் தாடைய எங்க போயி அளந்துட்டு வருவீரு?"



அன்றும் அவள் ஏறவில்லை, மறுநாளும் ஏறவில்லை. வடிவு கஞ்சி கொண்டுவந்து கூப்பிடுவாள், அது ஆறிப்போகும். நாள் போகப் போக நீலம்மையின் கால்கள் வற்றிக் கோரைத்தண்டு போல ஆயின. கட்டியிருந்த சாம்பல் நிறச் சேலை உடம்போடு ஒட்டியது. நரைத்த தலையில் கறுப்பாக எஞ்சியிருந்த இரண்டு மயிரிழைகள் பிடரியில் தொங்கின.

ஒரு விடியற்காலம் வடிவு கரையில் நின்று, "மைனி, ஒரு வார்த்தை பேசு. என்னை ஏசவாவது செய்" என்றாள். நீலம்மை திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வறண்ட, கரகரத்த ஒரு சத்தம்தான் வந்தது. அவளுக்கே அது பயமாக இருந்திருக்க வேண்டும். அகலமான சிறகு விரித்து எழும்பினாள். பறக்கும்போதுகூடக் கழுத்தை நீட்டவில்லை. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் வந்து இறங்கினாள்.

வடிவு கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்தக் கரையிலேயே கிடந்து செத்தாள். புதுத் தாங்கி வேறு யார் கழுத்துக்கும் பொருந்தவில்லை. மரங்கொத்தி அதன் பிறகு ஒரு மனிதருக்கும் அளவெடுக்கவில்லை. மனிதரோடு பேசுவதையும் விட்டுவிட்டது. இன்றைக்கு வயலினும் வயோலாவும் வாசிக்கிறவர்கள் கடையில் போய் ஒவ்வொரு தாங்கியாகத் தாங்களே வைத்துப் பார்த்து, வலித்தால் மாற்றி, மறுபடி மாற்றித் திண்டாடுவது அதனால்தான்.

தண்ணீருக்கு அடியில் கறுப்பாக எது அசைந்தாலும் நீலம்மை சட்டென்று கொத்தி எடுக்கிறாள். எடுத்த பிறகுதான் மீன் என்று தெரிகிறது. அன்று முதல்தான், சாம்பல் நாரை அத்தனை நீளக் கழுத்தையும் தோளுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, தன்னந்தனியாகத் தண்ணீரில் அசையாமல் நிற்கிறது.