கூட்டைக் காட்டின புத்தகம்

தலையை மடியில வெச்சுக்கோ சாமி. கையில முருங்கைக்கீரை இருக்குது, உருவிக்கிட்டே சொல்றேன். மொதல்ல அந்த விரலை மடக்கு. விட்டத்துல குருவி கூடு கட்டினா கண்ணால பார்த்துக்கணும், விரலை நீட்டிக் காட்டக் கூடாது. காட்டினா முட்டை கூமுட்டையாப் போயிரும். ஏனா? அதுக்குத்தான் இந்தக் கதை. மெதுவா "ம்" கொட்டு. அப்பத்தா காதுல விழுந்தா, கீரை என்னாச்சும்பாங்க.

ஒரு ஊர்ல ஒரு கண்ணிக்காரன் இருந்தான். நல்லான்னு பேரு. காட்டுல கண்ணி வெச்சுக் கௌதாரி புடிப்பான். எந்த மரத்துல எந்தக் கூடுன்னு அவனுக்கு அத்துபடி. ஆனா அடைகாக்கிற பறவைகிட்டப் போகமாட்டான், ஒரு கூட்டையும் விரலால காட்டமாட்டான். அவன் பொண்டாட்டி வேலாத்தா. அவளுக்கு ஒத்தைக் கைக்கொழந்தை. ஊட்டுக்குப் பின்னால வாகை மரம், அந்தக் கிளையிலதான் தொட்டில். தொட்டிலுக்கு நேர் மேல ஒரு குங்குமக் குருவி கூடு கட்டியிருந்துச்சு. நெத்திக் குங்குமமாட்டம் செவப்பு. அது "ட்வீ... ட்வீ..."ன்னு கத்தினா கொழந்தை தலையைத் திருப்பித் திருப்பித் தேடும், தேடிக்கிட்டே தூங்கிரும். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வேலாத்தா நெனைச்சுக்குவா.

ம். அப்போ பட்டணத்துல இருந்து ஒருத்தர் வந்தார். கழுத்துல தூரக்கண்ணாடி, தோள்ல பெரிய பை. பறவைகளுக்குன்னு ஒரு புத்தகம் போடறாராம். ஒவ்வொண்ணுக்கும் படம், பேரு, கத்தற விதம், கூடு கட்டற எடம்.

"நல்லா, மாங்குயில் கூடு எங்கப்பா?"

நல்லான் கையைப் பின்னால கட்டிக்கிட்டான். "காட்டக் கூடாதுங்க."

"காட்ட வேண்டாம், வாயால சொல்லு. உம்பேரும் புத்தகத்துல வரும்."

பேரு வரும்னதும் அவனுக்கு நெஞ்சு நிமிந்துக்கிச்சு. கோயில் தோப்புல கடைசி மாமரம்னு சொன்னான். அப்புறம் மீன்கொத்தியைக் கேட்டார். ஓடைக்கரைப் பொந்துன்னான். அப்புறம் குங்குமக் குருவியைக் கேட்டார்.

வேலாத்தா கதவுக்குப் பின்னால இருந்து, "ஏனுங் மாமா, அது நம்ம தொட்டில் மரமுங்க. வேண்டாமுங்க"ன்னா.

"போ புள்ள. விரலையா நீட்டினேன்? கையைக் கட்டித்தானே வெச்சிருக்கேன். சொன்ன சொல்லு காத்தோட போயிரும்."

வெளி ஆளு முன்னால அவளுக்கு அதுக்கு மேல வாய் வரலை. ஊட்டுக்குப் பின்னால வாகை மரம்னு நல்லான் சொல்ல, பட்டணத்துக்காரர் மரத்தடியில உக்கார்ந்து கர்ரு கர்ருன்னு வரைஞ்சார். குருவி, கூடு, கீழ தொங்கற தொட்டில் கயிறு, ஒண்ணையும் விடலை.

அப்புறம் புத்தகம் அச்சாகி வந்துச்சு. நல்லானுக்கும் ஒண்ணு வந்துச்சு. படிக்கத் தெரியாதவன், போறவங்க வர்றவங்களை நிறுத்தி, "எம்பேரு எங்க இருக்குது பாருங்க"ன்னு கேட்டுக்கிட்டுத் திரிஞ்சான். அதே புத்தகத்தை வேட்டைக்காரங்களும் வாங்கினாங்க.

டுர்ர்ர்ருன்னு ஜீப் வந்துச்சு. நேராக் கோயில் தோப்பு, கடைசி மாமரம். டுமீல்! மஞ்ச எறகு பொலபொலன்னு கொட்டிச்சு. "யாரோ தெரியாத்தனமா வந்தவங்க"ன்னான் நல்லான். அப்புறம் ஓடைக்கரை. டுமீல்! தண்ணி மேல நீல எறகு மெதந்துக்கிட்டுப் போச்சு. அன்னைக்கு நல்லான் கையை விரிச்சு விரிச்சுப் பார்த்தான்.

"நான் விரலை நீட்டலையே புள்ள."

"நீங்க நீட்டலைங்க, புத்தகம் நீட்டுதுங்க. உங்க விரலுன்னா மடக்கிக்கலாம். அதை ஆரு மடக்கறது?"

ஒடனே தொட்டிலை அவுத்து ஊட்டுக்குள்ள கட்டினா. குருவிச் சத்தம் கிட்டத்துல கேக்காம கொழந்தை வீல் வீல்னு அழுதுச்சு, தூங்கவே இல்லை. மறுநாள், ஒரு கொடம் தண்ணிக்குத்தானேன்னு, மறுபடி மரத்துலயே கட்டித் தூங்க வெச்சுட்டு வாய்க்காலுக்குப் போனா.

தண்ணி மோந்து நிமிந்தா, எதுர்ல ஜீப்.

"ஏம்மா, வாகை மரம் இருக்கிற ஊடு எது?"

"அதுங்களா... ஆடிக்காத்துல சாஞ்சு போச்சுங்க."

ஒருத்தன் புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டுச் சிரிச்சான். "தொட்டில் கட்டின மரம்டா. அந்தா, கயிறு தெரியுது."

"கொழந்தை தூங்குதுங்க!"ன்னா. சத்தமாப் பேசிப் பழகாத தொண்டை. ஜீப் சத்தத்துல அது எங்க கேக்கும்? டமார்னு கொடத்தைப் போட்டுட்டு ஓடினா, ஓடினா. அதுக்குள்ள அவங்க தொட்டிலை ஒட்டி நின்னு, துப்பாக்கியை மேல தூக்கி...

டுமீல்!

வேலாத்தா தொட்டிலை விரிச்சா. வெள்ளைத் துணி பூராச் செவப்பு.

உசுரு இருந்துச்சு சாமி, பயப்படாதே. ரத்தம் குருவியோடது. கொழந்தை நெஞ்சு மேல விழுந்து கெடந்துச்சு. கொழந்தை கண்ணை முழிச்சு அம்மாவையே பார்த்துச்சு. ஆனா வேலாத்தா பேர் சொல்லிக் கூப்பிட்டா, அசையலை. தட்டை டணார்னு தட்டினா, அசையலை. நல்லான் முதுகுப் பக்கமா நின்னு "ட்வீ... ட்வீ..."ன்னு தொண்டை கிழியக் கத்தினான். தலை திரும்பவே இல்லை.

அப்புறம் கொழந்தை தவழ ஆரம்பிச்சுது. ஒரு நாள் புத்தகத்தை இழுத்துப் போட்டு, செவப்புக் குருவிப் படத்தைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிச்சு, கூட்டு மேல விரலை நீட்டிச்சு. வேலாத்தா ஓடியாந்து அந்த விரலை மடக்கித் தன் கைக்குள்ள மூடிக்கிட்டா. நல்லான் புத்தகத்தைத் தூக்கி அடுப்புல போட்டான். எரிஞ்சது அவனுது ஒண்ணுதான்.

அவ்வளவுதான். கதை கூட்டுக்குப் போயிருச்சு, நீயும் கண்ணை மூடு.

என்ன சாமி? கூட்டுல குஞ்சு இருந்துச்சா? இருந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் அம்மாவைக் கூப்பிட்டு விடாமக் கத்திச்சு. வேலாத்தாளுக்குக் கேட்டுச்சு, நல்லானுக்குக் கேட்டுச்சு, கீழ தொட்டில்ல கெடந்த அந்தக் கொழந்தைக்கு மட்டும்... இதோ வந்துட்டேனுங் அத்தை!