கீறிப் பார்க்காத தட்டு

இந்தக் கதை மேல் இதை எழுதுகிறவருக்கே பல வருஷமாகச் சந்தேகம். இதைச் சொன்னவர் கண் மருத்துவர் பிச்சையா. ஒருமுறை அல்ல, நாலைந்து முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்கூட மாறவில்லை. சந்தேகத்துக்குக் காரணமே அதுதான்.

பிச்சையா ஐம்பத்திரண்டாம் வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியை கிரேஸ் பொன்மலர் அவரைவிட ஒன்பது வயது இளையவர். இவர் அவரை ‘மேடம்’ என்பார். அவர் இவரை ‘டாக்டர்’ என்பார்.

ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களைத் தட்டில் வளர்ப்பதுதான் கிரேஸின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தரையில் பாவிய ஓடுகள் மாதிரி நெருங்கிக் கிடக்கும் அந்தச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது ஒரு புரதம். பிடி தளர்ந்தால் குழாய் கசியும்.

பிச்சையாவின் அண்ணன் கண்ணில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. இருபது வருஷச் சர்க்கரை நோய். விழித்திரையில் ஓரிடத்தில் குழாய்கள் கசிந்தன. இன்னோரிடத்தில் குழாய்களே பட்டுப்போயிருந்தன. இருக்கிற மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஒருநாள் அண்ணன் இவர் முகத்தருகே வந்து, “மீசைய எடுத்துட்டியாலே?” என்று கேட்டார்.

மீசை இருந்தது.

மூன்று வருஷம் தேடி பிச்சையா ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். அதை ஊற்றினால் செல்களின் பிடி இறுகியது. தினமும் காலையில் இரண்டு கம்பிகளைத் தட்டில் வைத்து, மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பார். தடை கூடினால் கசிவு குறைகிறது என்று அர்த்தம். எண் ஏறிக்கொண்டே போயிற்று.

ஒரு காலை அவர் கையில் ஐஸ் பெட்டி இருந்தது.

“என்ன டாக்டர், மீன் வாங்கப் போறீங்களா?” என்றார் கிரேஸ்.

“அண்ணனுக்கு மேடம். நானே ஊசி போட்டுடலாம்னு.”

“எலிக்குப் போட்டுப் பாத்தாச்சா?”

“எலிக்கு நேரம் இருக்கு. அவருக்கு இல்ல.”

கிரேஸ் கலவை ஊற்றிய தட்டு ஒன்று, ஊற்றாத தட்டு ஒன்று எடுத்தார். பிளாஸ்டிக் முனையால் இரண்டிலும் நடுவே ஒரு கோடு கீறினார். கோடு போன வழியில் இருந்த செல்கள் பெயர்ந்து போயின.

“இத நான் செஞ்சு பாக்கவே இல்ல மேடம்.”

“தெரியும். எண் நல்லா வந்தா யாருமே கீற மாட்டாங்க. நாளைக்கு வந்து பாத்துட்டு, அப்புறம் எடுத்துட்டுப் போங்க.”

மறுநாள், கலவை இல்லாத தட்டில் இரண்டு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து இடைவெளியை மூடியிருந்தன. கலவை ஊற்றிய தட்டில் கோடு நேற்றுப் போட்டபடியே கிடந்தது.

“செல்லெல்லாம் செத்துப்போச்சா?”

“இல்ல டாக்டர். நல்லா உயிரோடதான் இருக்கு.”

பிச்சையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“பிடிய விட்டாத்தான் செல் நகரும், பட்டுப்போன இடத்துல புதுக் குழாய் வளரும். விட்டா ஒழுகும். இதுல நான் எதத்தான் மேடம் செய்றது?”

கிரேஸ் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். கலவை இல்லாத தட்டைக் கேமரா விடாமல் படம் பிடித்திருந்தது. ஓரத்தில் இருந்த ஒரு செல் உடம்பை நீட்டி முன்னே கிளம்பியது. அது பின்னால் இருக்கும் செல்லை விடும் நொடிக்காக பிச்சையா காத்திருந்தார். படத்தை மூன்று முறை ஓட்டினார்.

“எங்க மேடம் விடுது?”

“தேடுங்க.”

அது விடவில்லை. பிடித்த இடத்தை மாற்றிப் பிடித்து, பின்னால் இருந்ததையும் இழுத்துக்கொண்டு போயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த செல்லைத் தொட்டதும் இரண்டும் நின்றன.

“நிக்கச் சொன்னது யாரு?”

“அதே புரதந்தான். பக்கத்துல ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிடுது.”

“அப்போ என் மருந்து என்னதான் செய்யுது?”

கிரேஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“அதுங்க கையப் பிடிச்சிருக்குதுங்க, டாக்டர். நீங்க கையக் கட்டிப் போட்டிருக்கீங்க.”



கதையைப் பிச்சையா எப்போதும் இந்த இடத்தில்தான் நிறுத்துவார். எழுதுகிறவரும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவார். கடைசி முறை எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு வீட்டுக்குப் போயி உங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?”