கல்யாணச் சாமானோடு ஒரு டிக்கெட்

மஸ்கட்டில் தனுஷ்கோடி முதலாளியின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான் சுடலையாண்டி. ஊரில் அவன் பெண்டாட்டி பிரமு சாகக் கிடக்கிறாள் என்று போன் வந்தது. முதலாளியிடம் ஓடிப்போய் டிக்கெட் கேட்டான்.

முதலாளி விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். “எனக்குச் சல்லிக்காசு கூடுதல் செலவில்லாம நீ ஊருக்குப் போக வழி இருந்தா சொல்லுடே. இன்னைக்கே அனுப்புதேன்” என்று அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“இருக்கு மொதலாளி. உங்க மக கல்யாணச் சாமானை விமானக் கார்கோவுல அனுப்பப் போறீய. நேரா போற டிக்கெட்டு அந்தக் கூலிக்குச் சரியா வரும். கொழும்பு சுத்திப் போற டிக்கெட்டு அதைவிட மலிவு. டிக்கெட்டு எடுத்தா முப்பது கிலோ சும்மாவே கொண்டு போகலாம். சாமானை நான் கொண்டுபோறேன். உங்களுக்கு மிச்சம்தான்.”

விருந்தாளிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. சொன்ன சொல்லை விழுங்க வழியில்லாமல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

கொழும்பில் அடுத்த விமானத்துக்காக ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடந்தான். வள்ளியூருக்கு வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிரமு அன்று விடியற்காலையில்தான் போயிருந்தாள். கண் மூடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மைத்துனன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “மொதலாளியவே மடக்கிட்டியளாமே அத்தான். மஸ்கட்லேருந்து போன்ல சொன்னாவ” என்றான்.

“மடக்கினேன் மாப்ளே” என்றான் சுடலையாண்டி. “அவருக்கு லாபம் காட்டப் போயி, நேரா வார விமானத்தைக் கேக்காம விட்டுட்டேனே.”