இடது பக்கத்துக் கிடார்

தணிகாசலம் நஸ்ரினிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. நஸ்ரின் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"மேடம்னு எல்லாம் கூப்பிட வேண்டாம் சார்," என்றார் நஸ்ரின் முதல் நாளே.

"அப்ப டீச்சர்னு கூப்பிடறேன்."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அயனாவரத்தில் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் கனத்த திரைச்சீலை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரு நாற்காலி. பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து மறுபதிப்புக்குத் தயார் செய்வதுதான் டீச்சரின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கேட்கக் கற்றுக்கொள்ள விரும்பி வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். பாடத்திட்டம் எதுவும் கிடையாது. ஒரு பாட்டைப் போடுவார். முடிந்ததும் "என்ன கேட்டுச்சு?" என்பார். அவ்வளவுதான்.

தணிகாசலம் பல வருடங்களாக ராக் இசை பற்றி இணையத்தில் எழுதி வந்தவர். முன்பெல்லாம் "அபாரம்", "உருக்கம்" என்றுதான் எழுதுவார். டீச்சரிடம் வந்தபிறகு அவர் காது திறந்துகொண்டது. நாடாவை வெட்டி ஒட்டிய இடம் கேட்டது. டிரம்ஸ் வாசித்தவரின் நாற்காலி முனகியது கேட்டது. கேட்டதையெல்லாம் எழுதினார். வாசகர்கள் அவரைப் பாம்புச் செவி என்று அழைக்க ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று எழுதுவார். மனசுக்குள் இனிக்கும்.

அந்த வருடம் டீச்சரிடம் காப்பர் கைட்ஸ் குழுவின் ஒலிநாடா வந்து சேர்ந்தது. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த நான்கு பையன்கள் அறுபதுகளின் கடைசியில் சேர்ந்து வாசித்த ஒரே ஆல்பம். அப்போதே அதை இரண்டு விதமாக வெளியிட்டிருந்தார்கள். மோனோவில் எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வரும். ஸ்டீரியோவில் கிடாரும் டிரம்ஸும் இடது பக்கம், குரலும் மற்றதும் வலது பக்கம் என்று பிரிந்து வரும். மறுபதிப்பில் இரண்டையும் சேர்த்தே கொண்டுவர ஏற்பாடு.

"வெளியீட்டுக்கு முன்னாடி சர்ச் ஹால்ல ஒரு சின்னக் கூட்டம் வைக்கறாங்க சார். ரெண்டையும் ஒப்பிட்டு நீங்க பேசுங்களேன்," என்றார் டீச்சர்.

"ரெண்டுல எது ஒசத்தி டீச்சர்?"

"கேட்டுட்டு நீங்கதான் சொல்லணும்."

தணிகாசலம் வீட்டில் உட்கார்ந்து கேட்டார். மோனோ ஒரே திரளாக வந்து நெஞ்சில் மோதியது. ஸ்டீரியோவில் ஆட்கள் விலகி நின்றார்கள். இன்னும் விலக்கிப் பார்க்கலாமே என்று தோன்ற, வலது ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இடதை மட்டும் கேட்டார்.

மூன்றாவது பாட்டில் அது மாட்டியது. இரண்டு சரணங்களுக்கு நடுவே வருகிற இசையில், கிடார் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பாதியில் நின்றது. வெறும் டிரம்ஸ். பிறகு கிடார் வேறு எங்கேயோ போய்ப் பிடித்துக்கொண்டது. ஐம்பது வருடமாக யார் காதிலும் படாத தப்பு. டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தில் கேட்டு அவரே அசந்துபோகட்டும் என்று வைத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து ஹால் நிறைந்திருந்தது. தணிகாசலம் முதலில் மோனோவைப் போட்டார். எல்லாரும் தாளம் போட்டார்கள்.

"இப்ப ஸ்டீரியோ. அதுலயும் இடது பக்கம் மட்டும்," என்றார்.

கிடார் நின்றது. ஹாலில் டிரம்ஸ் மட்டும் டொக் டொக்கென்று கேட்டது.

"கிடார் எங்கே போச்சு? இந்த மனுஷன் டீ குடிக்கப் போயிட்டார்னு நினைக்கிறேன்."

சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் அந்த இடத்தை மறுபடி போட்டார்.

"பாருங்க, திரும்பி வந்துட்டார். டீ ஆறிப்போச்சு போல."

ஹாலே குலுங்கியது. மூலையில் நின்ற நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை கடைசி வரிசையில் இருந்தது.

அங்கிருந்து ஒருவர் எழுந்தார். மெலிந்த உருவம், முழுக்கைச் சட்டை, கையில் தொப்பி.

"அது நான்தான் சார். டென்சில்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆமா சார். அந்த இடத்துல கொஞ்சம் தடுமாறிட்டேன். சின்ன வயசு பாருங்க," என்று சொல்லிவிட்டு, தானும் கொஞ்சம் சிரித்தார். பிறகு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஃபுளோரா மடியிலிருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்கு அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்பது நினைவில்லை. கூட்டம் கலையும்போது வாசலில் அந்தத் தம்பதியிடம் போனார். ஃபுளோராதான் பேசினார்.

"பாடினது எங்க அண்ணன் எட்வின் சார். போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகுது. இவர் இப்படித் தடுமாறினதை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்லை. எவ்வளவு பெரிய மனசு பாருங்க."

டென்சில் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஆமா. எட்வினுக்குப் பெரிய மனசு," என்றார்.

கூட்டத்தில் யாரோ பதிவு செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். டீ குடிக்கப் போன கிடார் என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். பாம்புச் செவிக்குப் பாராட்டு குவிந்தது. தணிகாசலம் போனை அணைத்து அலமாரியில் வைத்தார். அந்த வாரம் அவர் எந்தப் பாட்டும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தொப்பியோடு எழுந்து நின்ற அந்த உருவம்தான் எதிரே நின்றது.

அடுத்த ஞாயிறு டீச்சரின் அறைக்குப் போனார். நாற்காலியில் உட்காராமல் கதவருகிலேயே நின்றார்.

"டீச்சர், ஒரு உதவி. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் அடக்கிட முடியுமா?"

"எந்த இடத்தை?"

"டென்சில் சார் தப்பு பண்ண இடம்."

டீச்சர் எழுந்து போய் இடது ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினார்.

"உட்காருங்க சார்."

வலது பக்கம் மட்டும் ஒலித்தது. எட்வினின் குரல், அடியில் பேஸின் தடித்த நாதம். அந்த இடம் வந்து போனது.

"என்ன கேட்டுச்சு?"

"எட்வின் குரல். சுத்தமா இருக்கு டீச்சர்."

டீச்சர் மறுபடி போட்டார்.

"இந்த மியூசிக் பாட்டுல மூணு இடத்துல வருது. மத்த ரெண்டு இடத்துலயும் எத்தனை சுத்து வாசிக்கறாங்க?"

"ரெண்டு சுத்து."

"ரெண்டு சுத்து முடிஞ்சுதானே பாடணும்?"

"ஆமா."

"இங்க?"

தணிகாசலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

டீச்சர் இடது ஒயரை மாட்டினார். இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தது. கிடார் தன் முதல் சுற்றில் பாதி தூரம்கூடப் போகவில்லை. அதற்குள் வலது பக்கத்திலிருந்து எட்வின் அவசரப்பட்டுச் சரணத்தை எடுத்துவிட்டார். கிடார் சட்டென்று நின்றது. ஒரு கணம் காது கொடுத்தது. தன் இசையை அப்படியே கைவிட்டுவிட்டு, குரல் போன இடத்துக்கு ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டது. பேஸ் அதன் பின்னால் வந்தது. பாட்டு விழவில்லை.

கடைசியாக டீச்சர் மோனோவைப் போட்டார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு ஒரு தடவை மூச்சு இழுத்துக்கொண்டு மேலே போனது போல இருந்தது.

தணிகாசலம் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா டீச்சர்?"

"டேப்பைச் சுத்தம் பண்றப்பவே தெரியும். டென்சில் சாருக்குப் போன் பண்ணி, இந்த இடத்தை என்ன செய்யட்டும்னு கேட்டேன். எட்வின் குரல் நல்லா வந்திருக்காம்மான்னு கேட்டார். நல்லா வந்திருக்குன்னேன். அப்ப அப்படியே விட்டுடும்மான்னார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்."

தணிகாசலம் குனிந்துகொண்டார். அப்புறம் அவருக்குள் ஒரு வேகம் வந்தது.

"இன்னிக்கே எழுதிடறேன் டீச்சர். முந்தினது எட்வின்தான், காப்பாத்தினது டென்சில் சார்னு விளக்கமா எழுதறேன். வலது பக்கத்தையும் போட்டுக் காட்டறேன். சிரிச்சவங்க அத்தனை பேரும் கேக்கட்டும். அந்த அம்மாவும் கேக்கட்டும். புருஷனைத் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

"எழுதினா யாருக்கு நிம்மதி சார்?"

"டென்சில் சாருக்கு…"

வாசலில் அண்ணனைப் பற்றிப் பேசிய ஃபுளோராவின் முகம் அவர் நினைவுக்கு வந்தது.

டீச்சர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ஐம்பது வருஷமா அவர் இறக்கி வைக்காத மூட்டை சார் அது. உங்க தோள் வலிக்குதுன்னு நீங்க இறக்கி வைக்காதீங்க."

மறுநாள் மாலை தணிகாசலம் பெரம்பூருக்குப் போனார். ஃபுளோராதான் கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுவே தணிகாசலத்துக்குக் கஷ்டமாக இருந்தது. டென்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"சார், அன்னிக்கு நான் பேசினது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க," என்றார் தணிகாசலம். சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"விடுங்க சார். கிடார் நின்னது நின்னதுதானே," என்றார் டென்சில்.

ஃபுளோரா டீ கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்தார். எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? ஒரு வாரமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. இவர் தடுமாறினப்ப எங்க அண்ணன் பக்கத்துலதானே நின்னு பாடியிருப்பான். அந்தப் பக்கம் ஏதாவது கேக்குதா? ஒரு சிரிப்பு, ஒரு அதட்டல், ஏதாவது? உங்க காதுக்கு எல்லாம் கேக்கும்னு சொல்றாங்களே."

டென்சில் கையிலிருந்த கப் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் தணிகாசலத்தைப் பார்த்தார். ஹாலில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட அந்த முகத்தில் இல்லாத பயம் இப்போது இருந்தது.

தணிகாசலத்துக்குக் காதில் எட்வினின் குரல் முந்திக்கொண்டு எழுந்தது.

"அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா," என்றார்.

ஃபுளோரா கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அதானே. எங்க அண்ணன் அப்படித்தான் சார். அடுத்தவன் தப்பை வெளியே காட்டவே மாட்டான்."

தணிகாசலம் டீயை எடுத்துக் குடித்தார்.